வாசல் மிதிக்காத வாசகர்கள்

பிரிட்டனில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. 1969-இல் தொடங்கியது. 1971-இல் முதல் மாணவர்கள் படிக்க ஆரம்பித்தார்கள். தலைமையிடம் மில்டன் கீன்ஸ் நகரம். அங்கே நல்ல நூலகக் கட்டடமும் உண்டு. ஆனால் மாணவர்களில் பெரும்பாலோர் அதன் வாசற்படியை மிதித்ததில்லை. வேலை முடிந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, வீட்டிலேயே கணினியைத் திறந்து படிக்கிறவர்கள் அவர்கள்.

நேரில் வருகிற வாசகர் புத்தகம் கிடைக்காமல் அலமாரி அலமாரியாகத் தேடினால் நூலகர் எழுந்து போய் உதவுவார். வராதவரின் தவிப்பு அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தானே தெரியும்! அந்த நூலகம் கேட்டது. மாணவர்களைக் கொண்டே ஒரு குழு அமைத்தது. இணையத்தில் புதிய வசதி எதையாவது கொண்டுவர நினைத்தால் அவர்களிடம் கருத்துக் கேட்கிறது, பயன்படுத்திப் பார்க்கச் சொல்கிறது. இப்படிச் செய்யும்போதுதான் எந்தப் பொத்தான் கண்ணில் படவில்லை, எந்தச் சொல் புரியவில்லை என்பதெல்லாம் வெளியே வரும். நூலகருக்குத் தினமும் பழகிய சொல், புதிதாகப் படிக்க வந்தவருக்குப் பூட்டிய கதவு.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. இரவு பத்து மணிக்குமேல் படிக்க உட்காருகிறவருக்கு அந்த நேரம் எவ்வளவு அருமையானது!

தொலைநிலைக் கல்வியில் படிக்கும் நேயர்களே, எந்த நேரத்தில் படிக்கிறீர்கள், எது கிடைக்கவில்லை என்று உங்கள் பல்கலைக்கழக நூலகருக்கு இன்றைக்கே நாலு வரி எழுதுங்கள்.