மறதிநோயும் நம் முதியோரும்



பெற்ற மகனையே யாரெனக் கேட்கும் மூதாட்டியை, "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கிவிடுகிறோம். சிலர் பேயோட்டவும் அழைத்துச் செல்வர். அது மூளையைத் தாக்கும் மறதிநோய். அதனைக் கண்டறியும் பழைய சோதனைகள் படி, எழுது, கணக்கிடு என்றே கேட்டன. பள்ளி வாயில் மறுக்கப்பெற்ற நம் பாட்டிமார், நினைவு தெளிவாக இருந்தும் அவற்றில் தோற்பரன்றோ? ஆசிரியப் பணியில் முதிர்ந்த நமக்கே இது வெட்கந்தரும் செய்தி.

1998இல் கொச்சியில் தோன்றிய 10/66 ஆய்வுக்குழு இதை மாற்ற முனைந்தது. நோயாளருள் மூன்றில் இரு பங்கினர் ஏழை, நடுத்தர நாடுகளில் வாழ்ந்தும், ஆய்வுகளில் பத்திலொரு பங்குகூட அவர்களைப் பற்றியதன்று. குழுவின் பெயரே அக்கணக்குத்தான். பல நாட்டு அறிஞர் கூடி, கல்லாதாரைத் தவறாக எடைபோடாத முறையை வகுத்தனர். உடனுறையும் உறவினரையும் வினவினர். சென்னையும் வேலூரும் அதில் பங்குகொண்டன.

2023இல் வெளியான மற்றொரு கூட்டாய்வு, இந்திய முதியோருள் 88 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டென மதிப்பிட்டது. கல்வி குறைந்தோரிடையே அது மிகுதி! பள்ளி மறுத்த கேடு முதுமை வரை தொடர்கிறது. அவ்வாய்வுக்கு அமெரிக்க அரசு நிறுவனம் பொருளுதவிற்று. நம் அரசுகளும் தாராளமாக ஒதுக்குமாறு கேட்போம். ஆய்வாளர் கோவில்பத்துக்கு வருவராயின், நம் பட்டதாரி இளைஞர்கள் உடன்சென்று, நம் தெருவின் கடைசி வீடு வரை அழைத்துச் செல்லவேண்டும்.