சத்தத்துக்குள் ஒரு சங்கதி

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், 1992-95 இயற்பியல் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

'எனக்குப் பிடித்த இசை' என்று பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். இளையராஜாவைப் பற்றிப் பேசுவேன் என்று விழாக் குழுவினர் நினைத்திருப்பார்கள். ராஜாவைப் பற்றிப் பேச இந்த மண்டபத்திலேயே முந்நூறு பேர் இருக்கிறீர்கள். ஹெவி மெட்டலைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. அதனால் அந்தப் பாரத்தை நான் சுமக்கிறேன். பத்து நிமிடத்தில் ஐந்து ஆல்பங்கள். யாரும் எழுந்து போய்விட வேண்டாம், பாடிக் காட்ட மாட்டேன்.

விடுதியில் இரண்டாம் மாடி, கோடி அறை எங்களுடையது. நானும் என் அறைத் தோழனும். அவனுடைய மாமா பெங்களூரில் இருந்தார். லீவுக்குப் போய் வரும்போதெல்லாம் பையில் துணியை விட கேசட்தான் அதிகம் இருக்கும். ஒரு பழைய டேப் ரெகார்டர். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவோம். ஒருநாள் இரவு வார்டன் கதவைத் தட்டினார். "தம்பிகளா, இது பாட்டா, பட்டறையா?" என்று கேட்டார்.

அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டோம். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோதுதான் அவர் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. இந்த இசை உண்மையிலேயே ஒரு பட்டறையில்தான் பிறந்தது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு தொழில் நகரம். அங்கே தகடு வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் வேலை பார்த்தான். வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில் இயந்திரம் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்களின் நுனியைத் துண்டித்துவிட்டது. இடது கைப் பழக்கக்காரன். கிடாரின் தந்திகளை அழுத்துவது அந்த வலது கைதான். கதை முடிந்தது என்று உட்கார்ந்திருந்தவனைப் பார்க்க அந்தத் தொழிற்சாலை மேலாளர் வந்தார், கையில் ஓர் இசைத்தட்டோடு. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கலைஞருடையது. தீ விபத்தில் கை கருகிய பின் இரண்டே விரலால் கிடாரில் வித்தை காட்டியவர் அவர்.

பையன் எழுந்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குத் தொப்பி செய்துகொண்டான். அதன்மேல் தோல் ஒட்டினான். மெல்லிய தந்திகளைக் கட்டினான். பிற்பாடு விரலுக்கு வலி குறையட்டும் என்று தந்திகளைத் தளர்த்தி, சுருதியையும் இறக்கினான். இறங்கிய சுருதியில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது. அந்தக் கனம்தான் ஹெவி மெட்டல். அவர்களுடைய குழு பிளாக் சபாத். முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'பாரனாய்ட்'தான் என் பட்டியலில் முதலாவது. அதன் தலைப்புப் பாட்டு, ஆல்பத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறதே என்று அவசரமாகப் போட்டது. அதுதான் அவர்களுக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. பரீட்சையில் கடைசிப் பத்து நிமிடத்தில் எழுதிய பதிலுக்கு முழு மதிப்பெண் கிடைத்த மாதிரி!

நம் கர்நாடக சங்கீதத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு தடவையும் ஒரு சங்கதி சேர்ப்பார்கள் அல்லவா? இவர்களிடமும் அப்படி ஒரு சின்னத் தொடர் உண்டு. அதற்கு 'ரிஃப்' என்று பெயர். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தே கட்டடம் எழுப்புகிறார்கள். முதலில் வெறும் சத்தமாகக் கேட்கும். பழகப் பழக உள்ளே இருக்கும் சங்கதி பிடிபடும்.

இரண்டாவது, அயர்ன் மெய்டன் குழுவின் 'பவர்ஸ்லேவ்', 1984. இந்த ஆல்பத்துக்கு நான் நன்றிக் கடன் பட்டிருக்கிறேன். பகுதி-2 ஆங்கிலத்தில் எங்களுக்குக் கோல்ரிட்ஜ் எழுதிய கிழ மாலுமியின் கவிதை பாடமாக இருந்தது. 1798ல் வெளிவந்த கவிதை. அதையே ஸ்டீவ் ஹாரிஸ் என்ற பாஸ் கிடார் கலைஞர் 13 நிமிடத்துக்கும் மேற்பட்ட பாட்டாக்கி, இந்த ஆல்பத்தின் கடைசியில் வைத்திருக்கிறார். நடுவில் வாத்தியங்கள் அடங்கி, கப்பலின் மரப்பலகை கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கும். விடுதியில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. கேசட்டில் கேட்ட வரிசைப்படியே கதையை எழுதினேன். அம்மா திருத்தினீர்களோ, ஐயா திருத்தினீர்களோ, தெரியாது. மார்க் போட்ட கைக்கு நன்றி.

அந்தக் கதையில் கிழ மாலுமி என்ன செய்கிறான்? கல்யாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவனை வாசலிலேயே மறித்து நிறுத்தி, தன் கதையைச் சொல்கிறான். சொல்லாவிட்டால் அவனுக்கு நெஞ்சு வெந்துவிடும். கல்யாணத்துக்கு வந்தவனோ உள்ளே மேளம் கேட்கிறதே என்று தவிக்கிறான், ஆனாலும் நின்று கேட்கிறான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

மூன்றாவது, மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', 1986 மார்ச். டென்மார்க்கில் கோபன்ஹேகனில் பதிவு செய்தார்கள். தலைப்புப் பாட்டு போதைப் பழக்கத்தைப் பற்றியது. நூலைப் பிடித்து ஆட்டுவது போதை, ஆடுகிற பொம்மை மனிதன். அதில் வாய்ப்பாட்டே இல்லாத 'ஓரியன்' என்று ஒன்று உண்டு. பாக்கின் இசையில் ஊறிய கிளிஃப் பர்ட்டனின் பாஸ் கிடாரைக் கேட்க வேண்டுமே! நம் ராஜாவும் அதே 1986ல்தான் பாக்கையும் தியாகராஜரையும் மனதில் வைத்து 'ஹவ் டு நேம் இட்' போட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 27ல் ஸ்வீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்து பர்ட்டன் இறந்தார். வயது 24. அவருடைய இறுதி அஞ்சலியில் 'ஓரியன்' ஒலித்தது. வார்டன் பட்டறை என்று சொன்ன இந்த ஆல்பத்தை, 2016ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலத்துக்கும் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக அறிவித்தது.

நான்காவது, நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்', 1991 செப்டம்பர். இதை ஹெவி மெட்டல் என்று சொல்ல மாட்டார்கள், ஆல்டர்நேட்டிவ் ராக் என்பார்கள். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், மரம் வெட்டும் தொழில் நடந்த சின்ன ஊரிலிருந்து வந்தவர் அதன் பாடகர் கர்ட் கோபேன். 1992 ஜனவரியில் இந்த ஆல்பம் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. சரணத்தை முணுமுணுப்பாகப் பாடுவார், பல்லவி வந்ததும் வெடித்து அலறுவார். வீட்டில் அமைதியாக இருக்கும் பிள்ளை ஒருநாள் தட்டைத் தூக்கி எறிகிற மாதிரி இருக்கும்.

ஐந்தாவது, ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் 'டர்ட்', 1992. ஐந்திலும் மிக இருண்டது இதுதான். ஜெரி கேன்ட்ரெல், லேன் ஸ்டேலி என்ற இருவர் குரல்கள் ஒன்றோடொன்று பின்னி வரும். இதில் 'ரூஸ்டர்' என்ற பாட்டு, வியட்நாம் போருக்குப் போய் வந்த தன் அப்பாவுக்காக கேன்ட்ரெல் எழுதியது. அப்பா வாய் திறந்து சொல்லாததை மகன் பாட்டாகச் சொல்லிவிட்டான்.

ஐந்து ஆல்பம் முடிந்தது. இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1994 ஏப்ரல். கோபேன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்று செய்தி வந்தது. வயது 27. விடுதியில் நாங்கள் நான்கைந்து பேர் கூடி உட்கார்ந்து, எந்தப் பாட்டில் என்ன அர்த்தம் என்று விடிய விடியப் பேசினோம். என் அறைத் தோழன் மட்டும் பேசவில்லை. அந்த மாதம் முழுக்க அவன் 'டர்ட்' கேசட்டையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். வகுப்புக்குப் போவது குறைந்தது. "என்னடா மாப்ள, இன்னைக்கும் அதே கேசட்டா?" என்று கிண்டல் செய்தேன். எந்தப் பாட்டு, எந்த வரி என்று கூடக் கேட்டேன். விடுமுறை முடிந்து ஜூனில் அவன் திரும்பவில்லை. ஒரு கடிதம் கூட நான் போடவில்லை.

ஓராண்டு கழித்து வந்து, எங்களுக்கு அடுத்த வகுப்போடு சேர்ந்து படித்துத் தேறினான். ஏன் போனான், எப்படி வந்தான் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

2011 அக்டோபர் 30. மெட்டாலிகா பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். நாங்கள் இருவரும் போனோம். தலையில் முடி குறைந்து, இடுப்பில் பெல்ட் துளை கூடியிருந்த வயது. கச்சேரியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தலைவர் மணி அடித்துவிடுவார். திரும்பி வரும் இரவுப் பேருந்தில் அவன் தானாகச் சொன்னான். 1994ல் அவன் அப்பாவின் கடை நொடித்துப் போயிருந்தது. பரீட்சைக் கட்டணம் கட்டப் பணமில்லை. எங்களிடம் கேட்க வெட்கம். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்து வந்து போயிருக்கிறது.

"நீங்க எல்லாரும் என்ன பாட்டு கேக்குறேன்னு கேட்டீங்கடா. எப்படிடா இருக்கேன்னு ஒருத்தனும் கேக்கலையே" என்றான்.

ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் காலத்து விடுதி மாணவர்களுக்கு அவரைத் தெரியும். எங்கள் அறையில் ஒரு 'மாஸ்டர்' கேசட்டில் இருந்தார் என்றால், கீழே மெஸ்ஸில் இன்னொரு மாஸ்டர் இருந்தார், சமையல் மாஸ்டர். அவருக்கு ஆங்கிலப் பாட்டு ஒன்றும் தெரியாது. "ஏன் தம்பி, ரெண்டு நாளா சாப்பிட வரல?" என்று மாடி ஏறி வந்து கேட்டார். அந்த ஒரு கேள்வியில் இவன் உடைந்து அழுதிருக்கிறான். அவர் அடுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டிருக்கிறார். மறுநாள் பேருந்துக்குக் காசு கொடுத்து, ஊருக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு "தம்பி, திரும்ப வந்து சேரு" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியவரும் அவர்தான்.

நண்பர்களே, அந்தக் கல்யாண வீட்டு வாசலில் நின்றவன் நினைவிருக்கிறதா? நான் அந்தக் கவிதையைப் பரீட்சையில் எழுதினேன், மார்க் வாங்கினேன். அதன்படி நின்று கேட்டவர் மெஸ் மாஸ்டர். வேதனையைப் பாடிய ஆல்பங்களை ஆயிரம் தடவை கேட்டவன் நான். பக்கத்துக் கட்டிலில் இருந்த வேதனை என் காதில் விழவில்லை.

'டர்ட்' ஆல்பத்தில் பாடிய லேன் ஸ்டேலி 2002ல் போதையால் இறந்தார். வயது 34. இரண்டு வாரம் கழித்துத்தான் அவர் இறந்து கிடப்பதையே கண்டார்கள். கோடிக்கணக்கானவர்கள் கேட்ட குரல் அது! இன்னொரு பக்கம் பாருங்கள், விரல் போன டோனி அயோமிக்கு ஒரு மேலாளர் இசைத்தட்டோடு வந்தார். அந்தப் பையன் 2025 ஜூலை 5 அன்று, 77 வயதில், சொந்த ஊரான பர்மிங்ஹாமில் பழைய தோழர்களோடு கடைசிக் கச்சேரி செய்தார். அதில் பாடிய ஆஸி ஆஸ்போர்ன் 17 நாள் கழித்துக் காலமானார், ஊர் கூடி வழியனுப்பியது.

மாணவச் செல்வங்களுக்கு இரண்டு வேண்டுகோள். இந்த ஆல்பங்களில் ஒன்றையாவது முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். வாக்மேனை அலறவிட்டதில் என் இடது காதில் இன்றும் வண்டு ரீங்காரமிடுகிறது. இரண்டாவது, உங்கள் அறைத் தோழன் இரண்டு நாளாகச் சாப்பிட வரவில்லை என்றால், ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஏன் என்று கேளுங்கள். பாரம் உங்களுடையதாக இருந்தால், யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். சொல்ல ஆளில்லை என்று தோன்றினால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. எங்கள் காலத்தில் அது இல்லை.

சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. மாஸ்டர் இன்று நம்மிடையே இல்லை. பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத மாணவருக்கு, கேள்வி கேட்டுக் கூனிக் குறுக வைக்காமல் உதவ, அவர் பெயரில் ஒரு நிதி தொடங்க வேண்டும். முதல் தொகையை என் அறைத் தோழன் இன்று காலையே பொருளாளரிடம் கட்டிவிட்டான். இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கதையைச் சொல்லட்டுமா என்று அவனைக் கேட்டுவிட்டுத்தான் மேடை ஏறினேன். "சொல்லுடா, மாஸ்டரை விட்டுடாதே" என்றான். விடவில்லை மாப்ள.

இரண்டாவது தொகை என்னுடையது. மூன்றாவது யாருடையது என்று உங்களைக் கேட்டு அமர்கிறேன்.