கடையை விற்றால் நம் பிள்ளைகளின் சேவைக்காலம் என்ன ஆகும்?

(வெள்ளவத்தையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் காலி வீதிக் கடைகளில் வேலை செய்கிற நம் தோட்டத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருக்கிறீர்கள். கிடைக்கிற ஒரு நாள் லீவையும் விட்டு வந்ததற்கு நன்றி. லயத்திலிருக்கும் அம்மா அப்பாவும் இதைப் பத்திரிகையில் வாசிப்பார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

தோட்டம் கைமாறுவது நமக்குப் புதிதல்ல. 1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. துரை மாறினார், பெயர்ப்பலகை மாறியது. பிரட்டுக்குப் போனவர்கள் அதே ஆட்கள்தான். அங்கே சங்கம் இருந்தது. கடையில் பத்துப் பேர் நிற்பார்கள், சங்கம் இருக்காது.

புடைவைக் கடையொன்றில் ஏழு வருடம் நின்ற ஒரு தங்கச்சி எங்களிடம் வந்தார். கடையை விற்கும்போது பழைய முதலாளி ஒரு கடிதத்தை நீட்டி, "இதில கையெழுத்துப் போடம்மா, புது முதலாளி உன்னை எடுப்பார்" என்றாராம். கடிதம் சிங்களத்தில் இருந்தது. நம்பிப் போட்டுவிட்டார். அது, தானாகவே வேலையிலிருந்து விலகுவதாகச் சொல்லும் கடிதம். புது முதலாளி இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டு, சொந்த ஆட்கள் வருகிறார்கள் என்று அனுப்பிவிட்டார். தொழில் நியாய சபையில் முதலில் எழும் கேள்வியே, உங்களை நிறுத்தினார்களா, நீங்களாக விலகினீர்களா என்பதுதான். அந்தக் கையெழுத்து எதிராக நிற்கிறது.

நம் நாட்டுச் சட்டப்படி, தட்டுமுட்டுச் சாமானோடு சேர்த்து ஆளையும் விற்க முடியாது. உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் வேலை இன்னொருவரிடம் போகாது. பழைய முதலாளி விற்றுவிட்டுப் போனால், அதுவரையான கணக்கை அவர்தான் தீர்க்க வேண்டும். ஆனால் கம்பனியின் பங்குகள் மட்டும் கைமாறினால் வேலை கொடுப்பவர் அதே கம்பனிதான், சேவைக்காலம் அறுபடாது.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் நிறுத்துவதென்றால் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். கடையை மூடுவதும் இதில் அடங்கும். "எங்களிடம் பன்னிரண்டு பேர்தான்" என்று சொன்னால், அதே முதலாளிக்கு வேறு கடை இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணுவது கடையை அல்ல, முதலாளியின் ஆட்களை.

15 பேருக்குக் குறைவா? அப்போதும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆனால் நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். ஊருக்குப் போய் தீபாவளி, பொங்கல் முடித்து யோசிப்போம் என்றால் காலம் போய்விடும். நான் பார்த்ததில் அதிகம் பேர் தோற்றது இங்கேதான்.

சேவைக்காலப் பணம் வேறு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேர் உள்ள இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். மாதம் 40,000 ரூபாய் என்றால் ஏழு வருடத்துக்கு 140,000. நீங்களாக விலகினாலும் இது உண்டு. ஆகவே அந்தத் தங்கச்சியின் கடையில் 15 பேர் இருந்திருந்தால், கையெழுத்துப் போட்டதால் இந்தப் பணம் போய்விடவில்லை. சேமலாப நிதிக்கு ஆள் கணக்கே கிடையாது. ஒருவர் நின்றாலும் முதலாளி 12, நீங்கள் 8 வீதம். நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம்.

புது முதலாளி எடுத்தால் நல்லது. பழைய வருடங்களையும் சேர்த்துக் கணக்கெடுப்பதாக அவரிடம் கடிதம் வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் பழையவரிடம் கணக்கு முடித்துக்கொண்டு புதிதாகச் சேருங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போனில் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் எல்லாவற்றையும் கடை லொக்கரில் அல்ல, அறையில் வையுங்கள்.

தேநீர் வந்துவிட்டது. கடிதம் கொண்டுவந்தவர்கள் முதலில் இந்த மேசைக்கு வாருங்கள்.