அளவும் விருந்தும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஒரு தமிழாசிரியரின் நினைவாக அமைந்தது இந்த அறக்கட்டளை. கட்டடக்கலை படித்தவன் இந்த மேடையில் என்ன பேசுவது என்று முதலில் தயங்கினேன். தலைப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கலையிலும் பண்பாட்டிலும் கட்டடத்திலும் அழகுக்கு என்ன வேலை என்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன்.

வேலை என்ற சொல்லைத் தெரிந்தே போட்டேன். எங்கள் தொழிலில் அழகு கடைசியாக வந்து சேரும் விருந்தாளி. வீடு கட்டப் போடும் எஸ்டிமேட்டைப் பாருங்கள். அஸ்திவாரம், கம்பி, செங்கல், பூச்சு என்று எல்லாம் முடிந்தபின் 'எலிவேஷன்' என்று ஒரு தனி வரி இருக்கும். வீட்டின் முகத்தில் ஒட்டவைக்கும் கல், கண்ணாடி, பட்டை, வளைவு எல்லாம் அந்த வரிக்குள் அடக்கம். கையில் பணம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அந்த வரிதான். கட்டடத்தை முடித்துவிட்டுப் பிறகு பூசிக்கொள்ளும் பொருள் என்றே அழகைப் பழகிவிட்டோம். நம் கைத்தொழிலும் நம் இலக்கணமும் அழகை அப்படிப் பார்க்கவில்லை என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

உள்ளங்கை அளவு

முதலில் ஒரு சின்னச் சோதனை. உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்து விரல்களை நெற்றிப் பக்கம் நீட்டுங்கள். நடுவிரல் நுனி, முடி தொடங்கும் இடத்தை ஒட்டி வந்து நிற்கும். சிலருக்கு ஒரு விரற்கடை கூடலாம், குறையலாம். கையின் நீளமும் முகத்தின் நீளமும் ஏறக்குறைய ஒன்று. இந்த நீளத்துக்குச் சிற்பிகள் வைத்த பெயர் தாளம். கச்சேரியில் தொடையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, அதுவும் தாளம்தான். இரண்டுக்கும் வேர் உள்ளங்கையைக் குறிக்கும் ஒரே வடசொல். காலத்தை அளக்கவும் கல்லை அளக்கவும் நம்மவர்கள் முதலில் நீட்டியது கையைத்தான்.

சுவாமிமலையில் படிமம் வார்க்கும் ஸ்தபதி மெழுகைத் தொடுவதற்கு முன் ஒரு தென்னை ஓலையை நறுக்குகிறார். படிமம் எவ்வளவு உயரமோ, ஓலை அவ்வளவு நீளம். அதை மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார். சிவன், திருமால் ஆகியோருக்கு உத்தம தசதாளம். மொத்த உயரம் 124 பங்கு. உமைக்கும் திருமகளுக்கும் மத்திம தசதாளம், 120 பங்கு. ஒரு பங்கு ஓர் அங்குலம், 12 அங்குலம் ஒரு தாளம். கடையில் வாங்கும் ஸ்கேலில் இந்த அங்குலத்தைத் தேடினால் கிடைக்காது. அந்தந்தப் படிமத்தின் உயரத்தைப் பகுத்துப் பெறுவது அது. தேகலப்த அங்குலம் என்பார்கள். ஒரு சாண் விக்கிரகமானாலும் ஆளுயர விக்கிரகமானாலும் மூக்குக்கும் விரலுக்கும் முழங்காலுக்கும் உள்ள உறவு மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம். மெழுகு உருகி ஓடி, அந்த இடத்தில் உலோகம் நிரம்பி, மண் கூட்டை உடைத்தெடுத்தபின் செதுக்கும் நுணுக்கமெல்லாம் இந்த ஓலைக்குப் பிந்தியது.

வீடு கட்டிய தச்சருக்கும் இதே வழிதான். தச்சு முழம் என்பது 24 விரல். இன்றைய கணக்கில் 33 அங்குலம். தூணின் இடைவெளியும் நிலைக்கதவின் உயரமும் விரலில் தொடங்கிய கணக்குகள். அந்த வீடுகளுக்குள் நுழைந்ததும் காரணம் தெரியாமலே உடம்பு தளர்ந்து கொடுக்கிறது. தன் அளவை அங்கே அது கண்டுகொள்கிறது என்று நினைக்கிறேன்.

எட்டு வனப்பு

தமிழாசிரியர் நினைவு மேடையில் தொல்காப்பியம் பேசாமல் இறங்கினால் மன்னிக்கமாட்டீர்கள். அதன் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. மாத்திரையில் தொடங்கி எழுத்து, அசை, சீர் என்று போகும் பட்டியலின் கடைசி எட்டு உறுப்புகளுக்கு வனப்பு என்று பெயர். அம்மை, அழகு, தொன்மை, தோல், விருந்து, இயைபு, புலன், இழைபு என்பவை அவை. அழகு என்பதே அந்த எட்டில் ஒன்றுதான்.

மற்ற உறுப்புகளைத் தனித்தனியே எடுத்துக் காட்டலாம். இது சீர், இது தளை என்று விரல் வைத்துச் சொல்லலாம். வனப்பை அப்படிக் காட்ட முடியாது. பல உறுப்பும் ஒன்றுதிரண்ட இடத்தில் தோன்றுவது அது என்று, செய்யுளியலுக்கு உரை எழுதிய பேராசிரியர் விளக்குகிறார். எஸ்டிமேட்டின் எலிவேஷன் வரியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அறையின் நீள அகலம், சன்னல் இருக்கும் திசை, சுவரின் கனம், கூரையின் தாழ்வு எல்லாம் கூடிய இடத்தில் பிறக்க வேண்டியதைத் தனிச் சாமானாக விலைபேசுகிறோம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் பர்மாத் தேக்கையும் முகப்பின் ஆடம்பரத்தையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். கொஞ்சம் பொறுத்து அங்கேயே உட்கார்ந்தால் வேறொன்று தெரியவரும். முகப்பிலிருந்து பின்கட்டுவரை கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன. இடையிலுள்ள முற்றம் வெயிலை அளந்து உள்ளே விடுகிறது. சுண்ணாம்புப் பூச்சு வழவழத்துக் குளிர்கிறது. காலடியில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, கையால் வார்த்து எடுப்பது அது. கண்ணாடியைத் தொட்டுக் கிடந்த முகம் அந்த வழவழப்பை வாங்கிக்கொள்கிறது. நடக்க நடக்கப் பளபளப்பு கூடும் என்பார்கள் அந்த ஊர்க்காரர்கள். புழங்குவதால் அழகு கூடும் தரையைச் செய்தவருக்கு வனப்பு என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வாசலில் ஓர் இலக்கணம்

இவ்வளவு செலவு செய்ய முடியாத வாசலிலும் அழகு உண்டு. சிக்குக் கோலத்துக்கு வேண்டியது ஒரு பிடி அரிசி மாவு. முதலில் புள்ளி. நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா என்பது ஒரு கணக்கு. பிறகு கம்பி. புள்ளியைச் சுற்றிப் போகலாம், புள்ளியின்மேல் ஏறக்கூடாது. தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து முடிய வேண்டும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் பணியாற்றியவர்களும் 1970-களில் கோலத்தை ஆராய்ந்தார்கள். கணினி அறிவியலில் வடிவங்களை உருவாக்கும் இலக்கணங்கள் என்றொரு துறை உண்டு; அதற்குள் கோலத்தைக் கொண்டுவந்து கட்டுரைகள் எழுதினார்கள். நம் பாட்டிமார் அந்த இலக்கணத்தை விரல் இடுக்கில் வைத்திருந்தார்கள். பெருக்கித் தெளித்த வாசலில் தினமும் எழுதி, தினமும் அழியக் கொடுத்தார்கள்.

யாருடைய உடம்பு?

அளவு உடம்பிலிருந்து வருகிறது என்று இதுவரை பெருமையாகப் பேசினேன். இனி ஒரு சங்கடமான கேள்வி. யாருடைய உடம்பு?

சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியே மனித உடலை வைத்து மாடுலர் என்றோர் அளவுமுறையை உருவாக்கினார். முதலில் அவர் எடுத்துக்கொண்ட ஆளின் உயரம் 1.75 மீட்டர். பிறகு அதை 1.83 மீட்டராக்கினார். ஏன் தெரியுமா? ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் வரும் போலீஸ்காரர் போன்ற மிடுக்கான ஆட்களெல்லாம் ஆறடி இருப்பார்களாம்! நாவலில் வந்த ஆறடி ஆளின் அளவு நம் நாட்டு நகரம் ஒன்றின் கணக்குக்குள் வந்து சேர்ந்தது.

சிரிக்கிறீர்கள். என் வீட்டுக் கதையையும் கேளுங்கள். நாங்கள் வாங்கிய அடுக்ககத்தில் எல்லா வீட்டுக்கும் அடுப்புமேடை ஒரே உயரம். என் அம்மா அருவாமணையிலும் அம்மியிலும் தரையில் உட்கார்ந்தே ஆயுளைக் கழித்தவர், குள்ளமான உருவம். கொதிக்கும் குழம்பை எட்டிப் பார்க்க முடியாமல், சாப்பிட உட்காரும் மணையை எடுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று சமைத்தார். மனையை வரைந்தவர் மறந்ததை மணை ஈடுகட்டியது. கட்டடக்கலை படித்த மகனான நான் அதைக் கவனிக்கவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

தெருவுக்கு வந்தாலும் இதே கதை. பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை இருக்கிறது. திறந்துவைத்தவரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு அதன் நிழல் பின்னாலுள்ள சாக்கடைமேல் விழுகிறது. மக்கள் மின்கம்பத்தின் ஒல்லி நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். வெயிலையும் அளக்கவில்லை, நிற்கும் ஆளையும் அளக்கவில்லை. அந்த நிழற்குடைக்கு எவ்வளவு வண்ணம் அடித்தாலும் அது அசிங்கமாகத்தான் இருக்கும்.

பழமையையும் தப்பவிடக் கூடாது. திண்ணையைப் பற்றி உருகிப் பேசுவது எங்கள் வட்டாரத்தில் வழக்கம். வழிப்போக்கனுக்கு இடம் கொடுத்த திண்ணை என்போம். எல்லா வழிப்போக்கனுக்குமா? தெருவுக்குள்ளேயே கால்வைக்க முடியாதவர்கள் இருந்தார்கள், கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களும் இருந்தார்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழைந்தார்கள். அதற்கு முந்தின நாளும் அந்தத் தூண்கள் அதே அளவில், அதே நேர்த்தியில்தான் நின்றன. அந்தத் தாளக் கணக்கில் பிழையே இல்லை. வாசலில்தான் பிழை இருந்தது.

விருந்து

இங்கேதான் அந்த எட்டு வனப்பில் ஐந்தாவது எனக்குத் துணைக்கு வருகிறது. விருந்து என்றால் புதுமை. புதிதாக வந்த யாப்பில் பாடுவதை விருந்து என்று தொல்காப்பியம் வனப்பில் சேர்க்கிறது. வீட்டுக்கு வரும் புதியவரும் விருந்துதான். சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. புதிய வடிவத்துக்கும் புதிய மனிதருக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அளவு மட்டும் இருந்து விருந்து இல்லாத அழகு, கதவைச் சாத்திக்கொள்ளும் அழகாக முடியும்.

புதிய வடிவத்துக்குப் புதுச்சேரியில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து கட்டியது. 1930-களின் கடைசியில் தொடங்கி 1940-களில் முடிந்தது. முழுக்கக் கான்கிரீட். கோபுரத்தின் சாயல் இல்லை, தூணில் யாளி இல்லை. ஆனால் வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பி வைக்கக்கூடிய கிடைப்பலகைகள். கடற்காற்றும் வேண்டும், கண் கூசும் வெயில் கூடாது. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை உள்ளே இருப்பவர் தம் கையால் அளந்து விட்டுக்கொள்ளலாம். வெளியூர்க்காரர்கள் வந்து நம் வெயிலை அளந்து கட்டிய கட்டடம் அது. நம் ஊரில் பிறந்தவர்களே நம் வெயிலை அளக்காமல் கண்ணாடிப் பெட்டிகளைக் கட்டி ஏசியைப் போடுகிறார்கள். இவற்றில் எது நம் மரபு என்று, மாணவர்களே, யோசியுங்கள்.

27 கற்கள்

தஞ்சைப் பெரிய கோயிலில் முடித்துக்கொள்கிறேன். 1010-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த அந்த விமானத்தின் உள்ளே, கருவறையைச் சுற்றி வரும் மேல்தளத்தில், சிவபெருமான் ஆடும் கரணங்கள் என்னும் ஆடல் நிலைகளை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். இருக்க வேண்டியவை 108. செதுக்கியவை 81. மீதி 27 இடங்களில் கற்கள் வெறுமையாக இருக்கின்றன.

அந்த வரிசையைப் பார்க்கிறவர்கள் 81-ஐயும் நின்று பார்க்கிறார்கள். நான் அந்த வெறுங்கற்களின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். இடம் அளந்து, சதுரம் பிடித்து, சுவரில் வரிசை பிசகாமல் வைத்திருக்கிறார்கள். உளி மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை ஆய்வாளர்கள் பேசட்டும். என் தொழிலுக்கு அவை ஒன்றைச் சொல்கின்றன. இனி வர வேண்டியதற்கும் அளவெடுத்து இடம் விட்டு வைக்கலாம்.

மாணவர்களே, நாளை ஒரு வீடோ பள்ளியோ நிழற்குடையோ உங்கள் கைக்கு வரும். கணினியைத் திறக்கும் முன் அங்கே போய் ஒரு நாள் இருங்கள். நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போடுங்கள். அங்கே புழங்கப்போகும் மிகக் குள்ளமானவரின் கை எதுவரை எட்டுகிறது என்று பாருங்கள். நடக்க முடியாதவர் எந்த வழியாக உள்ளே வருவார் என்று கேளுங்கள். இதுவரை அந்த வாசலுக்குள் வராதவர் யார் என்றும் கேளுங்கள். இந்த நான்கையும் ஓர் ஓலையில் குறித்துக்கொண்டு பிறகு வரையத் தொடங்குங்கள். எஸ்டிமேட்டில் எலிவேஷன் என்று எழுத அப்போது என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம்.

என் அம்மா ஏறி நின்ற அந்த மணை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் உயரத்தை அளந்து, அடுப்புமேடையை அந்த அளவுக்கு இறக்கிக் கட்டினேன். அதற்குள் அவர் சமையலை விட்டுவிட்டார். இப்போது பேத்தி அங்கே நின்று தோசை வார்க்கிறாள். அவள் கைக்குச் சரியாக இருக்கிறது.