பாதிரிமார் கொணர்ந்த விஞ்ஞானமும் நாம் கொள்ள வேண்டிய பாடமும்

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் பணித்தனர். பாளையங்கோட்டையிலே கல்வியைப் பற்றிப் பேசப் புகுவோர் மிஷனெரிமாரைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது. அவர்களைத் தெய்வமாகப் போற்றுவோரும் உளர். சூழ்ச்சிக்காரர் எனத் தூற்றுவோரும் உளர். இவ்விரண்டையும் விடுத்து, ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். சமயம் பரப்ப வந்தவர்கள் பூகோளத்தையும் வானநூலையும் மருத்துவத்தையும் ஏன் கையோடு கொண்டுவந்தார்கள்? அவற்றால் விளைந்தது என்ன? விளையாமற் போனது என்ன?

இம்முறை முதலில் பெரிய அளவில் கையாளப்பெற்ற இடம் சீன தேசம். 1601ஆம் ஆண்டில் பீக்கிங் நகரை அடைந்த மத்தேயோ ரிச்சி என்னும் இத்தாலியப் பாதிரியார், சீன அறிஞர்களின் நன்மதிப்பைப் பெற உலகப் படத்தையும் வடிவகணிதத்தையும் துணைக்கொண்டார். யூக்ளிட்டின் கணித நூலின் முதற் பகுதிகள் அவராலும் சூ குவாங்சி என்னும் சீன அறிஞராலும் பெயர்க்கப்பெற்று 1607இல் வெளிவந்தன. 1644இல் ஆடம் ஷால் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் சூரிய கிரகணம் ஒன்றைப் பிழையின்றிக் கணித்துக் காட்டியதால், பேரரசின் பஞ்சாங்கத் துறைக்கே தலைவராக்கப்பட்டார். வானத்தைப் பற்றி மெய் சொல்பவர்கள் வானகத்துக் கடவுளைப் பற்றியும் மெய்யே சொல்வார்கள் என்று மக்கள் நம்புவார்கள் என்பது அவர்கள் கருத்து. சிலர் அவ்வாறே நம்பினர்; சூ குவாங்சியே கிறிஸ்தவரானார். ஆனால் பேரரசு என்ன செய்தது? 1724இல் கிறிஸ்தவ சமயத்தைத் தடை செய்துவிட்டு, கணிதம் வல்ல பாதிரிமாரை மட்டும் பஞ்சாங்கத் துறையிலே வைத்துக்கொண்டது. கணக்கை ஏற்றது, சமயத்தை ஏற்கவில்லை.

இதே முயற்சி நம் தமிழ் வழங்கும் நிலத்திலும் நடந்தது. ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்தின் சார்பில் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர் பிரஷ்யா தேசத்து ரேனியஸ் ஐயர். 1838இல் இவ்வூரிலேயே மறைந்தார். ஊர்தோறும் பள்ளிகளை நிறுவிய அவர், 1832இல் 'பூமிசாஸ்திரம்' என்னும் பூகோள நூலைத் தமிழில் வெளியிட்டார். மேருமலையை நடுவே வைத்து, உப்புக் கடல், பாற்கடல் என ஏழு கடல்கள் வளையமாய்ச் சூழ்ந்த உலகத்தையே கேட்டறிந்த நம் முன்னோர்க்கு, கண்டங்களையும் தேசங்களையும் அளந்து காட்டும் நூல் அக்காலத்தில் எத்துணைப் புதுமையாக இருந்திருக்கும்! பூகோளத்தைப் படித்தவன் புராணத்தை ஐயுறுவான், ஐயுற்றவன் வேதாகமத்தை நாடுவான் என்பதே இத்தகைய நூல்களின் உள்நோக்கம்.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனெரிமார் இதனை இன்னும் விரிவாகச் செய்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் தொடங்கிய உயர்கல்விச் சாலையில் கணிதமும் வானநூலும் தலைமைப் பாடங்கள். அதன் தலைவர் டேனியல் பூர் ஐயர். 1829 மார்ச் 20ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி அராலியூர்ப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் குறித்திருந்த நேரத்திற்கும், பூர் ஐயர் கணித்த நேரத்திற்கும் ஏறத்தாழக் கால்மணி வேறுபாடு இருந்தது. இதனை முன்கூட்டியே ஊரறியச் செய்தார் பூர் ஐயர். கிரகணம் அவர் கணக்கின்படியே தொடங்கியது.

இங்கே நடுவுநிலைமையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பஞ்சாங்கமும் கணிதமே, கிரகணம் நேரும் நாளை அது சரியாகவே சொல்லியிருந்தது. அதே கல்விச்சாலையில் பின்னர்ப் பணியாற்றிய ஹொய்சிங்டன் ஐயர், உள்நாட்டுக் கணித முறையையும் கற்றறிந்து 1848இல் வானநூல் ஒன்றை வெளியிட்டார். ஆகவே தோற்றது நம்மவரின் கணக்கு அன்று; பாம்பு நிலவை விழுங்குகிறது என்னும் கதையே.

ஆனால் கதை பொய்யாயிற்று என்பதால் மற்றொரு சமயம் மெய்யாகிவிடுமா? பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றுரைத்த கலிலியோவை 1633இல் விசாரணைக்கு உட்படுத்தி, அக்கருத்தை மறுத்துரைக்கச் செய்தது ஐரோப்பாவின் திருச்சபையே அன்றோ? விஞ்ஞானம் எந்தச் சமயத்திற்கும் கட்டளைப்படி நிற்கும் ஏவலாளி அன்று. வட்டுக்கோட்டை மாணவர்கள் வானநூலைக் கற்றார்கள், கணிதத்தைக் கற்றார்கள், கற்றுப் பலர் அரசாங்க உத்தியோகங்களுக்குச் சென்றார்கள். சமயப்பணிக்கு எதிர்பார்த்த பயன் விளையவில்லை என்று கண்ட மிஷன் 1855இல் அக்கல்விச்சாலையை மூடிவிட்டது.

மருத்துவத்தில் நடந்ததையும் காண்போம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என உடற்கூறு, அறுவை மருத்துவம், இரசாயனம் ஆகியவற்றுக்குத் தமிழில் நூல்கள் செய்வித்தார். தம்மைத் தமிழர்க்கு வந்த மருத்துவ ஊழியராகவே அவர் கருதினார். நோய் தீர்க்கும் கை நற்செய்தியும் சொல்லும் என்பது அவருடைய நம்பிக்கை. தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியாது என்று இன்றும் சாதிப்பவர்களுக்கு, 150 ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அமெரிக்கர் அளித்த விடை அது.

அன்பர்களே! இதுவரை விளைந்ததைச் சொன்னோம். இனி விளையாததைச் சொல்வோம். நம் சமுதாயம் கருத்தூன்றிக் கேட்க வேண்டிய பகுதி இதுவே.

1774இல் திருநெல்வேலியிலே பிறந்தவர் வேதநாயக சாஸ்திரியார். சிறுவராக இருந்தபோதே சுவார்த்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பெற்றுக் கல்வி பெற்றார். பெரும்புலவர். அவர் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி'யிலே தலைவி பந்தாடும் பகுதியில், சூரியனை நடுவே நிறுத்திக் கோள்கள் சுற்றிவரும் கோப்பர்நிக்கசின் முறையையே பாட்டாக அமைத்தார். மேனாட்டு வானநூலைத் தமிழ்ச் சிற்றிலக்கியத்தில் ஏற்றிய பெருமை அவரைச் சாரும். அதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதே சாஸ்திரியார், கோயிலுக்குள்ளே சாதி வேற்றுமை கூடாதென்று புதிதாக வந்த பாதிரிமார் வற்புறுத்தியபோது, அதனை எதிர்த்து 1829இல் எழுதினார். சூரியனைச் சுற்றி எல்லாக் கோள்களையும் ஒரே மண்டலத்தில் நிறுத்தியவருக்கு, ஆலயத்தில் எல்லா மனிதரையும் ஒரே வரிசையில் அமர்த்த மனம் வரவில்லை.

வட்டுக்கோட்டையிலும் பயின்றோர் பெரும்பாலும் உயர்சாதியினரே. பூமி உருண்டை என்று ஒப்புக்கொண்டவர்கள், பிறப்பு ஒன்றே என்று ஒப்புக்கொள்ளவில்லை. அங்காதிபாதத்தைப் படித்தவர்கள், எல்லா உடம்பிலும் எலும்பும் நரம்பும் ஒன்றுபோலவே இருக்கக் கண்டார்கள். கண்டும் தீட்டைக் கைவிட்டார்கள் இல்லை. ஏன்? விஞ்ஞானத்தைப் பாடமாகக் கற்றார்கள். வாழ்வை அளக்கும் அளவுகோலாகக் கொள்ளவில்லை.

அப்படியாயின் நம் முன்னோரை உயர்த்தியது எது? கிரகணக் கணக்கு அன்று. பூகோளப் படமும் அன்று. அடித்தட்டு மக்களின் பிள்ளைகளும் மற்றவர் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமரலாம் என்ற ஏற்பாடே. ரேனியஸ் ஐயர் தம் மாணவர் விடுதியில் சாதி பாராது உடனிருந்து உண்ண வேண்டும் என்று வற்புறுத்தினார். அது பொறாது விலகிச் சென்ற மாணவரும் உண்டு. அவருடைய பூகோள நூலினும் அந்தப் பந்தியே நமக்குப் பெரிய பாடநூல் என்போம். எல்லா மிஷனெரிமாரும் இதில் உறுதியாக நின்றார்கள் என்று சொல்வதற்கில்லை. நின்றவர்கள் நமக்குச் செய்த நன்மை, அவர்கள் சொன்ன பாடத்தினும் பெரிது.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். இன்று நம் மாவட்டத்தில் விஞ்ஞானம் பயிலாத பள்ளி எது? கிரகணத்திற்குப் படம் வரைந்து முழு மதிப்பெண் பெறாத மாணவன் யார்? ஆயினும் அதே மாணவனின் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டியிருக்கக் கண்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் சமுதாயத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், உடன்பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, இத்தகைய கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. அரிவாளை ஏந்திய அந்தப் பிள்ளைகளும் உயிரியல் பாடத்தில் இரத்தத்தின் வகைகளைப் படித்தவர்களே. அந்த வகைகளுள் சாதி ஒன்றில்லை என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்? ஆசிரியர்களாகிய நாமும் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று சொல்வோம். முதலாவது, விஞ்ஞானத்தை யார் கொண்டுவந்தார்கள், எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்று பார்த்து அதனை ஒதுக்கிவிடாதீர்கள். விளக்கை எவர் ஏற்றினாலும் வெளிச்சம் எல்லார்க்கும் பொது. இரண்டாவது, விஞ்ஞானத்தைக் காட்டி வேறொன்றை விற்க வருபவர்களிடம் விழிப்பாக இருங்கள். அன்று சமயத்திற்கு அது துணை போயிற்று. இன்று கைபேசி வழியே போலி மருந்துக்கும் போலி ஜோதிடத்திற்கும் அதன் பெயரைப் பயன்படுத்துகிறார்கள். இதற்குச் சான்று என்ன என்று கேளுங்கள். மூன்றாவது, கற்ற விஞ்ஞானத்தை வீட்டுக்குள்ளும் கொண்டு செல்லுங்கள். கிரகண நாளில் கருவுற்ற பெண்ணை இருட்டறையில் அடைப்பதும், மாதவிலக்கான பெண்ணை விலக்கி வைப்பதும் நம் இல்லங்களிலும் உண்டு. தீண்டாமையால் துன்புற்ற நாம், நம் பெண்களுக்கு ஒரு தீண்டாமையை வைத்துக்கொண்டிருத்தல் எவ்வாறு முறையாகும்?

இக்கழகம் தன் 26ஆம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. நம் மாலை வகுப்புகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் தருவோம். ஒரே பலகையில் அமர்த்திக் கற்பிப்போம். அடுத்த கிரகணம் நிகழும் நாளில் தெருப்பிள்ளைகள் அனைவரையும் ஒன்றுகூட்டி, தக்க பாதுகாப்போடு அதனைப் பார்க்கச் செய்து, பார்த்து முடிந்ததும் ஒரே பந்தியில் உணவளிப்போம். இருநூறு ஆண்டுகளாக வானநூலால் மட்டும் ஆகாத காரியம் அந்தப் பந்தியில் தொடங்கட்டும்.

கல்வி ஓங்குக! கழகம் வளர்க!