வெற்றிக்கு மறுநாள்



கிறிஸ்தவ விசுவாசமும் அமெரிக்க அரசியலும் பற்றிய இந்தக் கருத்தரங்கின் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவை வாக்குப்பதிவு நாளோடு முடிந்துவிடுகின்றன. எந்தப் போதகர் யாரை ஆதரித்தார், எந்தச் சபையார் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டியதுதான். ஆனால் சபைக்கு உண்மையான சோதனை அதற்கு மறுநாள்தான் தொடங்குகிறது. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிற விசுவாசியாகவும் இதைச் சொல்கிறேன்.

1980ஆம் ஆண்டுத் தேர்தலைப் பாருங்கள். ஜிம்மி கார்ட்டர் பாப்டிஸ்ட்; ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவர்; தாம் மறுபடியும் பிறந்தவர் என்று 1976இலேயே நாடறியச் சொன்னவர். எதிரில் நின்ற ரொனால்டு ரீகன் மணவிலக்குப் பெற்றவர். கலிபோர்னியா ஆளுநராக இருந்தபோது, 1967இல், கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்திய சட்டத்தில் கையெழுத்திட்டவர். வெள்ளையரான இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ரீகனுக்கே வாக்களித்தார்கள். இதை வேஷம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிற ஆய்வுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. அரசுப் பள்ளிகளில் அரசே ஏற்பாடு செய்யும் ஜெபம் கூடாதென்று 1962இல் தீர்ப்பு வந்தது. 1973இல் கருக்கலைப்பை அனுமதித்த தீர்ப்பு வந்தது. தங்கள் பிள்ளைகள் வேறொரு நாட்டில் வளர்கிறார்கள் என்று அந்தப் பெற்றோர் பதறியது பொய்யல்ல. அதே நேரத்தில், கறுப்பினப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார மனமில்லாமல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளின் வரிச்சலுகையைக் காக்கும் முனைப்பும் அந்த எழுச்சிக்குள் கலந்திருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத வரலாறு அரைகுறை வரலாறு.

இந்தக் கிறிஸ்தவர்களை அரசியலில் திரட்ட மாரல் மெஜாரிட்டி அமைப்பை 1979இல் தொடங்கிய போதகர் ஜெரி ஃபால்வெல், 1965இல் இதற்கு நேர்மாறாகப் பிரசங்கித்தவர். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, போதகரின் வேலை ஆத்தும ஆதாயம்தான், அரசியல் அல்ல என்றார். பின்னாளில் அந்தக் கருத்தைக் கைவிட்டார்.

சரி, ரீகனின் வெற்றிக்குப் பிறகு என்ன நடந்தது? 1981 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு சாண்ட்ரா டே ஓ'கானரை ரீகன் முன்மொழிந்தார். கருக்கலைப்பு விஷயத்தில் அவர் நிலை உறுதியாக இல்லை என்று எதிர்ப்பாளர்கள் கலங்கினார்கள். செனட்டில் 99 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. பள்ளி ஜெபத்துக்கான அரசியல் சட்டத் திருத்தம் 1984 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 56, எதிர்ப்பு 44. மூன்றில் இரண்டு பங்குக்கு இன்னும் 11 வாக்குகள் வேண்டியிருந்தன. அப்போது செனட்டில் பெரும்பான்மை ரீகனின் கட்சிக்கே இருந்தது. ஆனாலும் அந்தக் கட்சியிலேயே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். கருக்கலைப்பை எதிர்த்து ஆண்டுதோறும் ஜனவரிக் குளிரில் வாஷிங்டனில் கூடுகிற பேரணிக்கு, தம் இரண்டாம் ஆட்சிக்காலத்தில் ரீகன் தொலைபேசி வழியாகப் பேசினார். வெள்ளை மாளிகைக்கு எதிரிலேயே கூட்டம் நிற்கிறது. குடியரசுத் தலைவரின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வருகிறது. அந்தக் காட்சியை யாராவது ஒரு முழுக் கட்டுரையாக எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஏமாற்றம் இருந்தும் 1984இல் அதே மக்கள் முன்னிலும் திரளாக ரீகனுக்கே வாக்களித்தார்கள். 1989இல் மாரல் மெஜாரிட்டி கலைக்கப்பட்டது. அதன் உள்வட்டத்தில் இருந்த கேல் தாமஸும் எட் டாப்சனும் 1999இல், அதிகாரத்தின் மீது வைத்த நம்பிக்கை சபையைத் திசைதிருப்பிவிட்டது என்று நூலாகவே எழுதினார்கள்.

வென்றவரிடம் சபை வேறுவிதமாகப் போய் நின்றதும் உண்டு. 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சனை நாத்திகர் என்று நியூ இங்கிலாந்தின் பெரிய சபைகள் தூற்றின. அந்தச் சபைகளுக்காக வரி கட்டி நொந்துபோயிருந்த பாப்டிஸ்டுகள் அவரை ஆதரித்தார்கள். மாசசூசெட்ஸின் செஷயர் ஊரார் 1,235 பவுண்டு எடையில், அதாவது ஏறக்குறைய 560 கிலோவில், ஒரே பாலாடைக் கட்டி செய்தார்கள். ஜான் லேலண்டு என்ற பாப்டிஸ்ட் போதகர் அதைக் கொண்டுபோய் 1802 ஜனவரி 1 அன்று ஜெஃபர்சனிடம் ஒப்படைத்தார். மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர் வேண்டும் என்ற புகழ்பெற்ற கடிதத்தை டேன்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஜெஃபர்சன் எழுதியதும் அதே நாளில்தான். லேலண்டும் ஜெஃபர்சனின் கட்சிக்காரர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பரிசோடு கொடுத்த வாழ்த்துரையில், இதைச் செய்ததில் ஓர் அடிமையின் உழைப்புகூட இல்லை என்று ஊரார் எழுதியிருந்தார்கள். அதைப் பெற்றுக்கொண்ட ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர்.

தாம் வெல்ல வைத்தவரிடம் இப்படிப் பேசிய சபைகள் பிறகு எத்தனை இருந்தன, பேசாதவற்றின் வாயை அடைத்தது எது என்பதை இரண்டு நாள் அமர்வுகளிலும் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.