முதலில் காற்றைப் பாருங்கள்

 சித்தியவானிலிருந்து பேசுகிறேன். கார் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. டிராபிக் லைட்டில் நிறுத்தினால் எஞ்சின் செத்துப் போகிறது. ஆயர் தாவார், லூமுட் என்று நாலா பக்கத்திலிருந்தும் இந்தத் தொல்லையோடு என் பட்டறைக்கு வருகிறார்கள். இது வெறும் தொல்லை மட்டும் இல்லை, ஆபத்து. எஞ்சின் நின்றபின் ஓரிரு மிதியிலேயே பிரேக் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும்.

இன்றைய வழக்கம், கார் வந்ததும் ஸ்கேனரைச் செருகுவது. திரையில் ‘பி 0505’ என்று வருகிறது. ஐடில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் நிலை, அதன் கட்டுப்பாட்டில் ஏதோ கோளாறு என்றுதான் அதற்கு அர்த்தம். எந்தச் சாமான் கெட்டது என்று அது சொல்லவில்லை. உடனே ஐடில் வால்வை மாற்றுகிறார்கள். சரியாகவில்லையா, பிளக்கை மாற்றுகிறார்கள். அப்புறம் பெட்ரோல் பம்ப். என்னால் இதைப் பொறுக்க முடியவில்லை. அடுத்தவர் காசில் அல்லவா ஊகம் செய்கிறோம்!

முதலில் காற்றைப் பாருங்கள். பெடலிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டல் தகடு மூடிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ஒரு சின்ன வழியில் வரும் காற்றை வைத்துத்தான் எஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வழியைக் கரி அடைத்தால் மூச்சு முட்டும். வேறெங்கோ ஒரு குழாய் வெடித்துக் கணக்கில் வராத காற்று நுழைந்தால், அந்தக் காற்றுக்குப் பெட்ரோல் பத்தாது. இரண்டிலும் எஞ்சின் சாகலாம். ஓடும்போது காற்று வெள்ளமாய்ப் போவதால் இந்தக் குறை வெளியே தெரியாது. 1994-இல் வந்த கஞ்சில் காரை நினைத்துப் பாருங்கள். 660 சிசி, மூன்றே சிலிண்டர். நின்றபடி ஏர்கோனையும் இழுக்கவேண்டும் என்றால், அந்தக் கொஞ்சக் காற்றில் குறை வைக்கலாமா?

இந்தக் காற்றை எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் என் உயிரான கருவி, எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசையைக் காட்டும் வெக்கியூம் மீட்டர். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தபோது நான் பட்டறையில் சாமான் கழுவும் பையன். கார்ப்புரேட்டர் வண்டி, கம்ப்யூட்டரும் இல்லை, ஸ்கேனரும் இல்லை. என் குரு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் துணியில் சுற்றி இந்த மீட்டரை வைத்திருப்பார். எடுத்து, எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டில் ஒரு குழாயோடு மாட்டுவார். “டேய், முள்ளப் பாரு. வாயால பேசாத, கண்ணால பாரு” என்பார்.

நல்ல எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது முள் 17-க்கும் 21-க்கும் நடுவில் அசையாமல் நிற்கும். இது பாதரச அங்குலக் கணக்கு. அசையாமல் தாழ்வாக, 12, 14 என்று நின்றால் காற்று கசிகிறது, அல்லது டைமிங் பிந்தியிருக்கிறது. ஒரே தாளத்தில் சட்டென்று விழுந்து விழுந்து எழுந்தால் எஞ்சினின் ஏதோ ஒரு வால்வு ஒழுங்காக மூடவில்லை. மெதுவாக முன்னும் பின்னும் மிதந்தால் கார்ப்புரேட்டர் கலவை சரியில்லை. எஞ்சினை முடுக்கிப் பிடித்திருக்கும்போது முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் பக்கம் அடைப்பு. ஒரே ஒரு முள், இத்தனை சேதி! சித்தியவான் கடல் மட்டத்து ஊர், நமக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். கேமரன் மலைக்குக் கொண்டுபோனால் பொருந்தாது. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். அந்த மலையிலுள்ள தானா ராத்தாவில் நல்ல எஞ்சினே 14, 15 காட்டும். இது தெரியாமல் அங்கே நல்ல எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு.

கம்போங் கோவிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். வேறொரு பட்டறையில் ஏற்கெனவே 900 வெள்ளி கொடுத்துவிட்டார். “எப்போக்கா சாகுது?” என்று கேட்டேன். “பிரேக்க மிதிச்சு நின்னாதான் சாகுது தம்பி. ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டுக் கால எடுத்தா சாகமாட்டேங்குது.” அந்த 900 வெள்ளியை வாங்கியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையாம். மீட்டரை மாட்டினேன். முள் 19-இல் அசையாமல் நின்றது. “பிரேக்க மிதிங்கக்கா” என்றேன். முள் சரிந்தது, எஞ்சின் நின்றது. எஞ்சின் உறிஞ்சும் விசையைக் கொண்டு பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் குழாயைக் குறடால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி மிதிக்கச் சொன்னேன். முள் அசையவில்லை, எஞ்சினும் சாகவில்லை. பிரேக் பூஸ்டருக்குள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்திருந்தது. புதிய பூஸ்டர் போட்டோம். குழாயை இறுக்கிப் பிடிப்பது வண்டியை நிறுத்திவைத்துச் செய்யும் சோதனைக்கு மட்டும். அப்படியே ஓட்டிப் போய்விடாதீர்கள்.

எல்லாமே காற்று இல்லை, தெரியும். ஆட்டோ கியரில் எஞ்சினோடு கியரைப் பூட்டும் லாக்-அப் விடாமல் பிடித்துக்கொண்டாலும் நிற்கும்போது எஞ்சின் சாகும். ஆனால் அவையெல்லாம் அப்புறம். முதலில் காற்றைப் பாருங்கள். இன்னொன்று, வீட்டிலேயே த்ராட்டல் பாடியைக் கழுவுகிறவர்களுக்கு: கரியைக் கத்தியால் சுரண்டாதீர்கள். புதிய கார்களில் கழுவியபின் ஐடில் தாறுமாறாக ஏறலாம். கம்ப்யூட்டர் பழைய கரிக் கணக்கிலேயே இருக்கிறது. ஐடிலை அதற்குத் திரும்பக் கற்றுக்கொடுக்கவேண்டும். பயந்துபோய் ஐடில் வால்வை வாங்கிவிடாதீர்கள்.

குருவின் மீட்டர் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அதே பிஸ்கட் டின்னில். போன வாரம் ஒரு கார் வந்தது, அதே தொல்லை. பட்டறைப் பையன் ஸ்கேனர் பெட்டிப் பக்கம் போனவன், திரும்பி வந்து டின்னைத் திறந்தான். மீட்டரை மாட்டிவிட்டு, “அண்ணே, 13-ல அசையாம நிக்குது” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. குறடை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாக இறுக்கிப் பார்க்க ஆரம்பித்தான்.